“பெத்தவங்களுக்கே அக்கறை இல்ல”ன்னு சொல்றதுக்கு முன்னாடி

கவர்மென்ட் ஸ்கூல்ல ஒரு பிள்ளை சேர்ந்தாப்ல நாலு நாள் வரலன்னா, ஹோம்வொர்க் எழுதலன்னா, மீட்டிங்குக்கு வீட்டுல இருந்து ஒருத்தரும் வரலன்னா ஸ்டாஃப் ரூம்ல ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கும், “பெத்தவங்களுக்கே அக்கறை இல்ல, நாம என்ன பண்றது?” இதைச் சொல்றவங்க கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல. விடியக்கால பஸ் பிடிச்சு வந்து, பள்ளிக் கல்வித் துறையோட எமிஸ் வெப்சைட்டுல பிள்ளைங்க டேட்டா ஏத்தி, மதிய சாப்பாட்டைப் பார்த்து, நடுவுல பாடமும் எடுத்துட்டு, சொந்தக் காசுல நோட்டு பேனா வாங்கிக் கொடுக்குற டீச்சர்ங்க வாயிலயும் இது வருது. ஆனா இந்த ஒரு வரியைச் சொன்ன உடனே அந்தப் பிள்ளையப் பத்தி மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய வேலை அதோட முடிஞ்சு போயிடுது, யாரும் அதுக்கப்புறம் “ஏன் வரல”ன்னு கேக்குறதில்ல. அதுதான் இதுல உள்ள கெடுதல்.

முதல்ல அந்த வரி உண்மையான்னு பார்த்துடலாம். 1999ல ப்ரோப்னு ஒரு அறிக்கை வந்துச்சு, பீகார், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சல்னு வட மாநில கிராமங்கள்ல வீடு வீடா, ஸ்கூல் ஸ்கூலா போய் எடுத்த சர்வே. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பு மேல ஆர்வமில்லன்னு அதுவரைக்கும் அதிகாரிங்களும் வாத்தியாருங்களும் சொல்லிட்டிருந்ததை அது நேரா சோதிச்சுப் பார்த்துச்சு. ஆம்பளப் பிள்ளைக்குப் படிப்பு முக்கியம்னு சொன்ன பெற்றோர் 98 சதவீதம், பொம்பளப் பிள்ளைக்கு முக்கியம்னு சொன்னவங்க 89 சதவீதம். அந்தக் காலத்துல, அந்த மாநிலங்கள்லயே நிலைமை இதுதான். பிள்ளைங்க படிக்காம நின்னதுக்கு காரணமா அந்த அறிக்கை காட்டினது வேற, செலவு, வீட்டு வேலை, போனாலும் பாடம் நடக்காத ஸ்கூல் இந்த மாதிரி.

இப்ப தமிழ்நாட்டுக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, இருபத்தொண்ணாவது பிரிவுல பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு வைக்கணும்னு சொல்லுது, அதுல நாலுல மூணு பங்கு பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும், நலிவடைஞ்ச பிரிவு பிள்ளைங்களோட பெற்றோருக்கு அவங்க கணக்குக்கு ஏத்த இடம் கொடுக்கணும். சட்டத்தை எழுதினவங்க பெற்றோரை நம்பித்தான் எழுதியிருக்காங்க. 2022ல தமிழ்நாடு முழுக்க இந்தக் குழுக்களைப் புதுசா அமைச்சாங்க, ஒரு அம்மாதான் தலைவரா இருக்கணும்னு வச்சாங்க, நல்ல விஷயம். ஆனா கூட்டம் நடக்குறது பெரும்பாலும் வேலை நாள்ல, ஸ்கூல் நேரத்தை ஒட்டி. அந்த நேரத்துல அந்த அம்மா எங்க இருப்பாங்க?

நூறு நாள் வேலைக்குப் போற ஒரு அம்மாவை எடுத்துக்குங்க. 2023 ஜனவரில இருந்து அந்த வேலைல வருகைப் பதிவு செல்போன் ஆப்ல, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட்டோ, எந்த இடத்துல எத்தனை மணிக்கு எடுத்ததுங்குறது அதுலயே பதிவாயிடும். காலைல போட்டோவுக்கு நின்னுட்டு நடுவுல மீட்டிங்குக்கு வந்து, ஆட்டோ கிடைக்காம திரும்பிப் போறதுக்குள்ள ரெண்டாவது போட்டோ முடிஞ்சுட்டா அன்னிக்குக் கூலி கேள்விக்குறிதான். 2024-25ல தமிழ்நாட்டுக்கு அந்தக் கூலி நாளுக்கு 319 ரூபாய்னு நிர்ணயிச்சிருந்தாங்க, அதுவும் செஞ்ச வேலையோட அளவு பார்த்துக் குறைச்சுப் போடுற இடங்கள் உண்டு. அப்ப அந்த அம்மாவை மீட்டிங்குக்குக் கூப்பிடும்போது நாம கேக்குறது ஒரு மணி நேரத்தை இல்ல, ஒரு நாள் சம்பளத்தை. மாசச் சம்பளக்காரங்க யாராவது பிள்ளையோட ஸ்கூல் மீட்டிங்குக்காக மாசாமாசம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுக் கொடுக்குறோமா, பர்மிஷன் போட்டுட்டுப் போறோம்.

அப்படியே சம்பளத்தை விட்டுட்டு வந்தாலும் என்ன நடக்குதுன்னு பாருங்க. கிளாஸ் வாசல்ல நிக்குறாங்க, உக்கார சேர் இல்ல, செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிருக்காங்க. நாப்பது பிள்ளைங்க பார்த்துட்டிருக்க “ஏம்மா உன் பையன் என்னதான் பண்றான் வீட்டுல, நீ கவனிக்கிறதே இல்லையா”ன்னு சத்தமா கேள்வி. அதே ஊர்ல கடை வச்சிருக்குறவரோ பேன்ட் சட்டை போட்டவரோ வந்தா “வாங்க சார், உக்காருங்க”. அந்தப் பையன் ரெண்டையும் பார்க்குறான். அந்த அம்மா அடுத்த தடவை வரலன்னா அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? பெற்றோர் வரலங்குறதை மட்டும் கணக்கு எடுக்குறோம், வந்தவங்களை எப்படி நடத்துனோம்ங்குறதுக்கு எந்த ரெஜிஸ்டரும் கிடையாது.

காலைச் சாப்பாட்டு விஷயத்தையும் இதோட சேர்த்துப் பார்க்கணும். பிள்ளை வெறும் வயித்தோட வர்றது ரொம்ப வருஷமா எல்லா டீச்சருக்கும் தெரிஞ்ச விஷயம், பிரேயர்ல மயங்கி விழுவாங்க, பதினோரு மணிக்கெல்லாம் தலை தொங்கும். “எழுந்து ஒரு தோசை ஊத்திக் கொடுக்கக் கூட அந்தம்மாவுக்கு முடியலையா”ன்னு பேச்சு. 2022 செப்டம்பர் 15 அன்னிக்கு மதுரைல காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சாங்க, முதல்ல 1,545 ஸ்கூல், அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல அரசு தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் விரிச்சாங்க. அரசாங்கம் சொன்ன காரணம் என்னன்னா, அப்பா அம்மா ரெண்டு பேரும் விடிய முன்னாடியே வேலைக்குக் கிளம்புறாங்க, ஸ்கூல் தூரமா இருக்கு, அதனால பிள்ளைங்க சாப்பிடாம வர்றாங்க. பாருங்க, பசி அதே பசிதான். சோம்பேறி அம்மான்னு விளக்கம் சொன்ன வரைக்கும் அதுக்கு வழியே இல்லாம இருந்துச்சு, வேலை நேரம்னு விளக்கம் மாறினதும் அதுக்கு உப்புமாவும் பொங்கலும் வழியாச்சு. 1956ல காமராஜர் மதிய உணவு கொண்டு வந்ததும், 1982ல எம்ஜிஆர் அதைச் சத்துணவா விரிச்சதும் இதே பார்வைலதான், பசியோட வர்ற பிள்ளையோட அம்மாவை யாரும் விசாரணை பண்ணல, சாப்பாட்டைப் போட்டாங்க.

டீச்சர் மனசுல ஒரு குடும்பத்தைப் பத்தி என்ன நினைச்சா என்ன, பாடத்தை ஒழுங்கா எடுத்தா போதாதான்னு கேக்கலாம். போதாது. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல ரே ரிஸ்ட்ங்குற ஆய்வாளர் ஒரு எல்கேஜி மாதிரியான வகுப்புல உக்கார்ந்து கவனிச்சதை 1970ல எழுதினார். கறுப்பினப் பிள்ளைங்க, டீச்சரும் கறுப்பினப் பெண்மணி. ஸ்கூல் திறந்து எட்டாவது நாளே அந்த டீச்சர் பிள்ளைங்களை மூணு டேபிளாப் பிரிச்சு நிரந்தரமா உக்கார வச்சுட்டாங்க, எந்தப் பரீட்சையும் வைக்கல. சுத்தமான டிரஸ், நல்ல இங்கிலீஷ், படிச்ச குடும்பம்னா முன் டேபிள், அரசு உதவில ஓடுற குடும்பத்துப் பிள்ளைங்கன்னா பின் டேபிள். முன் டேபிளுக்குத்தான் கேள்வி, பாராட்டு, போர்டுக்கு வர்ற வாய்ப்பு எல்லாம். ரெண்டாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பிரிவு கிட்டத்தட்ட அப்படியே தொடர்ந்துச்சு, அதுக்குள்ள மார்க்ல நிஜமாவே வித்தியாசம் வந்துடுச்சு, அடுத்த டீச்சருக்கு அந்த மார்க்கே சாட்சியாயிடுச்சு. வீட்டைப் பத்தின ஒரு எண்ணம் பிள்ளையோட பின் பெஞ்சா மாறுறதுக்கு எட்டு நாள் போதும்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வைக்குறது அந்த டீச்சரும் அதே சமூகத்து ஆள்ங்குறதுதான். நம்ம ஊர்லயும் அரசுப் பள்ளி டீச்சர்கள்ல எத்தனையோ பேர் அவங்க வீட்டுல முதல் பட்டதாரி, மண்ணெண்ணெய் விளக்குல படிச்சு வந்தவங்க. அவங்க கிட்ட இன்னும் கருணை இருக்கும்னு எதிர்பார்ப்போம், ஆனா சில சமயம் அங்கதான் கோபம் ஜாஸ்தி, “எங்க அப்பா கூடத்தான் கூலி வேலை, எங்கம்மா என்னை அடிச்சு ஸ்கூலுக்கு அனுப்பல? இவங்களுக்கு என்ன வந்துச்சு?” அந்த வலி நிஜம், நான் அதைக் குறைச்சுப் பேசல. ஆனா அந்தக் கணக்குல ஒண்ணு விட்டுப் போகுது, அன்னிக்கு அதே தெருவுல கூடப் படிச்சவங்க எத்தனை பேர் பாதியில நின்னாங்கங்குறது. அவங்க அம்மாங்களுக்கு எல்லாம் அக்கறை இல்லாமலா இருந்துச்சு? ஒரு தாய்மாமா பீஸ் கட்டினாரு, ஒரு ஹாஸ்டல் வார்டன் இடம் கொடுத்தாரு, அந்த வருஷம் வீட்டுல யாருக்கும் நோய் வரல, இப்படி ஏதோ ஒண்ணு தாங்கிப் பிடிச்சிருக்கும்.

சாதியைச் சொல்லாம இந்தப் பேச்சை முடிக்க முடியாது. “எந்தத் தெரு?”ன்னு அட்மிஷன் அன்னிக்கே கேக்குற கேள்வி, “காலனிப் பிள்ளைங்க அப்படித்தான்”னு வர்ற முடிவு, இதெல்லாம் குடும்பத்தைப் பத்தின தீர்ப்புதான், அக்கறைங்குற பேர்ல வருது அவ்வளவுதான். நாங்குநேரில 2023 ஆகஸ்ட்ல ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளயே புகுந்து வெட்டின பிறகு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு. பள்ளிப் பேர்ல இருக்குற சாதியை எடுக்கணும், ஒரு பகுதில எந்தச் சாதி ஆதிக்கமா இருக்கோ அதே சாதிக்காரங்களை அங்க தலைமை ஆசிரியரா, கல்வி அதிகாரியா போடக் கூடாது, டீச்சர்களை அப்பப்ப இடம் மாத்தணும்னு அது பரிந்துரைச்சது. டீச்சரோட பார்வை தனி மனுஷர் மனசுக்குள்ள மட்டும் இருக்குற விஷயம் இல்லன்னு ஒத்துக்கிட்டதாத்தான் நான் அதை வாசிக்கிறேன்.

சரி, பார்வை எப்படி மாறும்? “தப்பா நினைக்காதீங்க”ன்னு ட்ரெய்னிங்ல சொன்னா யாருக்கும் மாறாது, பிஆர்சிங்குற வட்டார வள மையத்துல உக்கார்ந்து ஸ்லைடு பார்த்து மாறினவங்களை நான் கேள்விப்பட்டதில்ல. நடந்து காட்டின இடம்னா கலிபோர்னியாவுல சாக்ரமென்டோ. 1998ல அங்க ஏழைப் பகுதிப் பெற்றோர், ஒரு சமூக அமைப்பு, டீச்சர் யூனியன், கல்வி மாவட்டம் எல்லாம் சேர்ந்து வீட்டுக்குப் போற ஒரு முறையை உருவாக்கினாங்க. ஸ்கூலுக்கும் குடும்பங்களுக்கும் நடுவுல ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிச் சொல்லி அலுத்துப் போன சமயம் அது. டீச்சர்கள் ரெண்டு ரெண்டு பேரா போவாங்க, விருப்பப்பட்டவங்க மட்டும், அந்த நேரத்துக்குக் காசு உண்டு. முன்கூட்டியே கேட்டு, வீட்டுக்காரங்க சரின்னு சொன்னாதான் போறது. பிரச்சினைப் பிள்ளை வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது, எல்லா மாதிரிப் பிள்ளைங்க வீட்டுக்கும் போகணும். கைல பேப்பர், ஃபார்ம், மார்க் லிஸ்ட் எதுவும் கிடையாது. முதல் சந்திப்புல கேக்குற முக்கியமான கேள்வி, உங்க பிள்ளை என்னவா வரணும்னு ஆசைப்படுறீங்கங்குறதுதான். திரும்பி வந்து, போறதுக்கு முன்னாடி இந்த வீட்டைப் பத்தி நான் என்ன நினைச்சிருந்தேன், இப்ப என்ன தெரியுதுன்னு டீச்சர்கள் பேசிக்கணும், இதுவும் அந்த முறைலயே ஒரு பகுதி. பின்னாடி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில மாவட்டங்கள்ல பார்த்தப்ப, பத்துல ஒரு பங்கு வீட்டுக்காவது இப்படிப் போன ஸ்கூல்கள்ல பிள்ளைங்க நெறைய நாள் ஆப்சென்ட் ஆகுற வாய்ப்பு குறைவா இருந்துச்சு.

நம்ம ஊர் டீச்சர்களும் வீட்டுக்குப் போகாம இல்ல, இதைச் சொல்லியே ஆகணும். மே, ஜூன்ல வெயில்ல தெருத்தெருவா அட்மிஷனுக்கு நடக்குறாங்க, நின்ன பிள்ளைங்களைத் தேடி காட்டுக்கும் மலைக்கும் போறாங்க. ஆனா போற காரணம் ரெண்டுதான், ஒண்ணு ஆள் சேர்க்கணும், இல்லன்னா புகார் சொல்லணும். அதனால டீச்சர் தெருவுல நுழைஞ்சாலே “என்ன பண்ணான் எம்புள்ள?”ன்னு அந்த வீட்டுல பதறுறாங்க. ஒரு காரணமும் இல்லாம, நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு ஒரு டம்ளர் காபி குடிச்சுட்டு வர்ற போக்குவரத்துதான் நம்ம கிட்ட இல்ல.

அரிசோனாவுல டூசான்ங்குற ஊர்ல லூயிஸ் மோல், நார்மா கொன்சாலஸ் மாதிரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு படி மேல போனாங்க. மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீடுகளுக்கு டீச்சர்களை அனுப்பினாங்க, சொல்லிக் கொடுக்க இல்ல, கத்துக்க. அங்க விவசாயம், கட்டட வேலை, ரிப்பேர், மூலிகை, எல்லை தாண்டின வியாபாரம்னு எவ்வளவோ அறிவு இருக்குறதைப் பார்த்தாங்க, 1992ல அதை எழுதினாங்க. ஒரு பையன் மெக்சிகோ மிட்டாய் வாங்கி வந்து அக்கம்பக்கத்துல விக்கிறான்னு ஒரு டீச்சருக்குத் தெரிய வந்து, மிட்டாயை வச்சே கணக்கும் அறிவியலும் பாடமாக்கி, ஒரு பெற்றோரே வகுப்புக்கு வந்து மிட்டாய் செஞ்சு காட்டுற வரைக்கும் போச்சு.

இதை நம்ம ஊருக்கு எடுத்துட்டு வரலாம்னு யோசிக்கும்போது நான் ஒரு இடத்துல நிக்குறேன். மதுரைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல விடியக்கால உதிரி மல்லி எடுத்து, கட்டி, முழம் போட்டு விக்குற ஒரு அம்மாவுக்கு, கிலோ விலை ஏறினா முழத்தை எவ்வளவுக்கு விக்கணும், நெருக்கிக் கட்டுறதா இடைவெளி விட்டுக் கட்டுறதா, சாயங்காலம் வாடுறதுக்கு முன்னாடி எவ்வளவு இறக்கலாம்னு எல்லாம் வாய்க் கணக்கா வரும். நாலாம் வகுப்பு பின்னத்துக்கும் விகிதத்துக்கும் அதைவிட நல்ல உதாரணம் புத்தகத்துல இல்ல. ஆனா 1953ல ராஜாஜி கொண்டு வந்த திட்டம் நமக்கு மறக்கல, பாதி நேரம் ஸ்கூல், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கோன்னு. குலக்கல்வின்னு பெரியாரும் திமுகவும் எதிர்த்து, 1954ல காமராஜர் முதல்வரான பிறகுதான் அது போச்சு. குடும்பத்தோட தொழிலறிவை மதிக்குறேன்னு ஆரம்பிச்சு, பூக்காரம்மா பொண்ணுக்குப் பூ போதும்னு முடியுற ஆபத்து நம்ம மண்ணுல எப்பவும் இருக்கு. அதனால அந்த அம்மாவோட கணக்கு வகுப்புக்குள்ள வரணும், அந்தப் பொண்ணு இஞ்சினியரிங் கணக்குக்குப் போறதுக்கான படியா வரணும். அம்மா கிட்ட கேட்டா அவங்களும் அதைத்தான் சொல்லுவாங்க, தான் கட்டுற பூவைத் தன் பொண்ணும் கட்டணும்னு ஆசைப்படுறவங்க ரொம்பக் குறைவு.

இடம் பெயருற குடும்பங்கள் மேலதான் இந்தத் தீர்ப்பு ரொம்பக் கடுமையா விழுது. முன்பணம் வாங்கிட்டு கரும்பு வெட்டுக்குப் போறவங்க, செங்கல் சூளைக்குப் போறவங்க. “பரீட்சை நேரத்துல பிள்ளையை இழுத்துட்டுப் போயிட்டாங்க”ம்பாங்க. வாங்கின முன்பணம் கழியுற வரைக்கும் சூளையை விட்டு நகர முடியாது, பிள்ளையைப் பார்த்துக்க ஊர்ல ஆள் இல்ல, கூட்டிட்டுப் போகாம என்ன செய்வாங்க? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்துடுச்சு, ஆனாலும் இருளர் குடும்பங்களைச் சூளைலயும் அரிசி ஆலைலயும் இருந்து மீட்ட செய்தி இன்னும் வந்துட்டுதான் இருக்கு. திருவள்ளூர் பக்கம் ஒடிசாவுல இருந்து சூளைக்கு வந்த குடும்பங்களோட பிள்ளைங்களுக்கு, ஒடியாப் புத்தகமும் ஒடியா தெரிஞ்ச டீச்சரும் வச்சு சூளை ஓரத்துலயே வகுப்பு நடத்திக் காட்டியிருக்காங்க. டிசி இல்லன்னு சேர்க்க மறுக்குறதோ இழுத்தடிக்குறதோ கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் அஞ்சாவது பிரிவுல தெளிவா இருக்கு, இருந்தும் “டிசி கூட வாங்கிட்டு வரத் தெரியல”ன்னு அந்த அப்பாவைத் திருப்பி அனுப்புற ஸ்கூல் இன்னிக்கும் உண்டு.

குடும்பத்தைக் குறை சொல்றதை விடணும்னா எல்லாத்தையும் கண்டும் காணாம விடணும்னு அர்த்தம் இல்ல. பிள்ளை உடம்புல சூட்டுக்காயம் இருந்தா, ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்குப் பரிசம் போடுறாங்கன்னு தெரிஞ்சா, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லித்தான் ஆகணும். பாலியல் கொடுமைன்னா போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க சொல்லாம இருந்தாலே குற்றம். அதுல தயக்கமே கூடாது. ஆனா அந்தப் பொண்ணு வீட்டோட ஏற்கனவே பேச்சு வார்த்தை இருக்குற டீச்சருக்குத்தான் பரிசம் போடப் போற விஷயம் முன்னாடியே காதுக்கு வரும், மத்தவங்களுக்குப் பத்திரிகை அடிச்ச பிறகுதான் தெரியும். குடிக்குற அப்பா விஷயமும் அப்படித்தான். “அப்பன் குடிகாரன்”னு சொல்லி மூடிடுறோம், அந்த வீட்டை ஒத்தையா ஓட்டுற அம்மாவும், தம்பியைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வர்ற பத்து வயசு அக்காவும் அந்த ஒரு சொல்லுல காணாம போயிடுறாங்க.

டீச்சர் தலைல மட்டும் இதைக் கட்டுறது நியாயமில்ல. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர் இருக்குற ஸ்கூல்ல வீட்டுக்குப் போன்னு சொன்னா யார் போவாங்க, எப்ப போவாங்க? வீட்டுக்குப் போற சாயங்காலத்தைத் துறை ஆன் டியூட்டியாக் கொடுக்கணும், பஸ் காசு கொடுக்கணும், ரெண்டு பேராப் போக ஆள் கொடுக்கணும், போயிட்டு வந்ததுக்கு ஆப்ல போட்டோ கேக்காம இருக்கணும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தை ஊருக்கு ஏத்த மாதிரி ராத்திரி ஏழு மணிக்கோ ஞாயித்துக்கிழமையோ தெருவுலயே வச்சுக்க அந்தந்த ஸ்கூலுக்கு விட்டுடலாம். இல்லம் தேடிக் கல்வி 2021ல வந்தப்ப சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, அதே தெரு அக்கா வீட்டுத் திண்ணைலயும் கோயில் மண்டபத்துலயும் வகுப்பு நடந்துச்சு, அக்கறை இல்லாதவங்கன்னு சொன்ன அதே வீடுகள்ல இருந்துதான் பிள்ளைங்க வந்தாங்க. நேரமும் இடமும் தோதா இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஸ்கூல் அளவுல உடனே செய்யக்கூடியதும் இருக்கு. வகுப்பு வாசல்ல பெற்றோருக்குன்னு ஒரு சேர் போடுறது, பிள்ளைங்க முன்னாடி அவங்களைக் கேள்வி கேக்காம இருக்குறது, வாட்ஸ்அப் குரூப்ல டைப் பண்ணிப் போடுறதுக்குப் பதிலா வாய்ஸ் மெசேஜா அனுப்புறது, படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்டுப்பாங்க. மாசத்துல ரெண்டு வீட்டுக்காவது, உங்க பொண்ணு இன்னிக்கு நல்லா வாசிச்சான்னு சொல்றதுக்காக மட்டும் போன் பண்றது. வீட்டுக்குப் போறதை ஜூன், ஜூலைலயே ஆரம்பிச்சுடணும், காலாண்டு முடிஞ்சு மார்க் கைக்கு வந்த பிறகு போனா, எவ்வளவு நல்ல மனசோட போனாலும் வீட்டுல அதைப் புகார்னுதான் எடுத்துப்பாங்க.